கைம்முதலும் அறமுதலும்



போக பூமி நீங்கிக் கரும பூமி தோன்றிய காலத்தில் கற்பக மரங்கள் மறைந்தன. மக்கள் பசியால் வாடி ஆதிபகவனை அடைந்தனர். பெருமான் அவர்களுக்குப் பொன்னோ மணியோ வழங்கவில்லை. வாள், எழுத்து, உழவு, கல்வி, வாணிகம், சிற்பம் என்னும் ஆறு தொழில்களைக் கற்பித்தருளினார். ஜினசேனாசாரியர் தம் ஆதிபுராணத்தில் இதனை விரித்துரைத்துள்ளார். கையில் ஒன்றுமில்லா மக்கள் முதன்முதல் பெற்ற செல்வம் தொழிலறிவே என்பதை நாம் இதனால் உணர்தல் வேண்டும்.

நம் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் உழவையும், பின்னர் ஆசிரியப் பணி, அரசுப் பணி ஆகியவற்றையும் பெரிதும் சார்ந்து வாழ்ந்தவை. இன்று வந்தவாசி, செய்யாறு, திண்டிவனம் பக்கத்து ஊர்களிலிருந்து இளைஞர் பலர் பிழைப்பு நாடிச் சென்னைக்கும், அதனை அடுத்த திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி முதலிய தொழிற்பகுதிகளுக்கும் செல்கின்றனர். புழல் ஆதிநாதர் ஆலயத்தில் நம்மைக் காணும் பெற்றோர் சிலர், "வேலை நிலைக்கவில்லை, பிள்ளை சொந்தத் தொழில் செய்ய விரும்புகிறான், கையில் பணமில்லை, என் செய்வது?" என வினவுகின்றனர். பணமின்றித் தொழில் தொடங்குதல் இயலுமா என்பது ஒரு வினா. அறம் குன்றாமல் தொடங்குதல் இயலுமா என்பது அதனினும் பெரிய வினா.

முதல் வினாவுக்கு விடையாக ஒரு வரலாறு கூறுவோம். 1959 மார்ச் 15ஆம் நாள், மும்பை கிர்காம் பகுதியில் குஜராத்திப் பெண்மணிகள் எழுவர் தம் குடியிருப்பின் மாடியில் கூடி அப்பளம் இடத் தொடங்கினர். சகன்லால் கரம்சி பாரேக் என்னும் சமூகத் தொண்டரிடம் கடனாகப் பெற்ற 80 ரூபாயே அவர்தம் முதல். அன்று உருவானவை நான்கு கட்டு அப்பளங்கள். இழப்பு வரினும் எவரிடமும் நன்கொடை கேட்பதில்லை என உறுதி பூண்டனர். முதலாண்டு மழைக்காலத்தில் அப்பளம் உலராமையால் நான்கு மாதம் தொழில் நின்றது. அவர்கள் மனம் தளர்ந்திலர். மறு ஆண்டு ஒரு கட்டிலும் அடுப்பும் வாங்கி, கட்டிலின்மேல் அப்பளத்தைப் பரப்பி, கீழே அடுப்பை வைத்து உலர்த்தினர். அதுவே இன்று 45,000 பெண்களுக்குமேல் பங்குடைய லிஜ்ஜத் நிறுவனமாகும். எழுவருள் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட் அம்மையாருக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பெற்றது.

இவ்வரலாற்றில் நாம் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. தொடக்கத்தில் அவர்கள் இருதர அப்பளம் செய்து, தாழ்ந்ததை மலிவு விலைக்கு விற்கக் கருதினர். கடன் கொடுத்த பெரியவரோ, தரத்தை ஒருபோதும் குறைத்தலாகாது எனவும், கணக்கைச் செம்மையாக எழுதுதல் வேண்டும் எனவும் அறிவுறுத்தினார். 80 ரூபாய் கைம்முதல், இவ்வறிவுரை அறமுதல். முன்னது சில நாளில் அடைபட்டிருக்கும். பின்னதோ இன்றளவும் வட்டி ஈட்டி வருகின்றது.

இனி இரண்டாம் வினாவுக்கு வருவோம். தத்துவார்த்த சூத்திரம் அருளிய உமாசுவாமி முனிவர், கள்ளாமை என்னும் அணுவிரதத்துக்கு ஐந்து மாசுகள் உள எனக் காட்டியுள்ளார். திருடத் தூண்டுதல், திருட்டுப் பொருளை வாங்குதல், அரச நெறிக்கு மாறுபடுதல், எடையும் அளவும் கூட்டிக் குறைத்தல், ஒன்றைப் போன்ற மற்றொன்றைக் கலந்து விற்றல் என்பனவே அவை. இவற்றைத் தொழிற்பேட்டை வாயிலில் நின்று எண்ணிப் பாருங்கள். சிறுமுதலில் தொடங்கத்தக்கது காயலான் கடை. இரவில் மலிவாக வரும் இரும்பு எந்த ஆலையினின்று வந்தது எனக் கேளாமல் வாங்குவோன் இரண்டாம் மாசுக்கு ஆளாகின்றான். முத்திரையிடாத எடைக்கல் நான்காம் மாசு. காய்ந்த எண்ணெயைப் புது எண்ணெயோடு கலத்தல் ஐந்தாம் மாசு. முதல் குறைந்தவனுக்கே இச்சோதனைகள் மிகுதி. ஆதலின் விழிப்பும் அவனுக்கே மிகுதியாக வேண்டும்.

கொல்லாமைக்குக் கூறப்பெற்ற ஐந்து மாசுகளுள் அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுதலும், உணவும் நீரும் தடுத்தலும் அடங்கும். இவை மாட்டுக்கு மட்டும் உரியன அல்ல. ஒரேயோர் உதவியாளைப் பதினான்கு மணி நேரம் நிறுத்தி வைத்து, உரிய நாளில் கூலி தாராமையும் இம்மாசேயாகும்.

நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் கும்மிடிப்பூண்டிச் சிப்காட் வளாகத்தின் அருகே மனைவியாருடன் சிற்றுண்டித் தள்ளுவண்டி வைத்தார். இரண்டு இட்லிக் கொப்பரை, ஓர் அடுப்பு, வாடகை வண்டி இவையே முதல். இரும்பாலைகளில் இரவுப்பணி முடித்து வரும் வடமாநிலத் தொழிலாளர் பசியோடு முட்டை கேட்டனர். "முட்டையும் கோழியும் இன்றி வண்டி ஓடாது" என்றார் பக்கத்துக் கடைக்காரர். மாணவர் நம்மிடம் வந்து, "டீச்சர், நாங்கள் உண்ணப் போவதில்லை, விற்றால் மட்டும் பாவமாகுமா?" என்று வினவினார். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்று வாயிலாகவும் வினை வந்து சேரும் என்பது நம் ஆகமக் கொள்கை. தன் கை கொல்லாவிடினும், கொன்றதை விலைகொடுத்து வாங்குவோன் கொலையைச் செய்விப்பவனே எனக் கூறினோம்.

அவர் விற்கவில்லை. அதனால் வாணிகம் உடனே செழித்தது எனக் கூறுதல் பொய்யுரையாகும். இரண்டு மாதம் அடுத்த வண்டியின் வரவில் பாதியும் அவருக்கு இல்லை. பின்னர் அத்தொழிலாளர் விரும்பும் சப்பாத்தியும் பருப்பும் செய்யத் தொடங்கவே, வண்டி ஒருவாறு நிலைத்தது. 2020இல் ஊரடங்கு வந்து தொழிலாளர் தத்தம் மாநிலம் திரும்பியபோது விற்பனை அறவே நின்றது. கந்துவட்டிக் கடன் இல்லாமையால் அக்குடும்பம் சேமிப்பைக் கொண்டு பிழைத்தது. மீண்டும் அடுப்பு மூட்டியது. இன்றும் அவர்கள் செல்வர் அல்லர். ஆயினும் எவர்க்கும் அஞ்சுவதும் இலர்.

"அறவழி நின்றும் ஆதாயம் வரவில்லையே" என நொந்துகொள்வோர் ஒன்று உணர்தல் வேண்டும். பேறு கிட்டாமல் தடுப்பது இலாபாந்தராயம் என்னும் வினை. அது முன்னைப் பயன்; முயற்சி மட்டுமே இன்றைய உரிமை. வருவாய் கருதி அறம் செய்வது வாணிகமாகும். வருவாய் குறையினும் அறம் பிறழாமையே விரதமாகும்.

கடன் வேண்டுமாயின் நல்வழியில் பெறுக. நாள்வட்டிக்கும் மீட்டர் வட்டிக்கும் கை நீட்டற்க. கொடிய வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003 முதல் சட்டம் உளது. 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று ஊர்தோறும் உள. 2015இல் வந்த முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையின்றிக் கடன் பெறலாம். 2020 சூலையில் தொடங்கிய உத்யம் பதிவுக்குக் கட்டணமில்லை. இடைத்தரகருக்குப் பணம் தரற்க. திருவள்ளூர் மாவட்டத்தார் காக்களூரிலுள்ள மாவட்டத் தொழில் மையத்தை நேரில் அணுகுக. தாயின் தாலிக்கொடியை அடகு வைத்துத் தொடங்கும் தொழில் முதல்நாளே ஒருவரை அழவைத்துத் தொடங்குவதாகும்.

இளைஞர்க்கு ஒரு வேண்டுகோள். மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதத்தைச் செல்வம் சேர்ந்தபின் ஏற்கலாம் எனத் தள்ளிப்போடற்க. பொருள் பெருகப் பெருக வரம்பும் பெயர்ந்துகொண்டே செல்லும். ஒன்றுமில்லாத இன்றே, "இவ்வளவு சேர்ந்தபின் எஞ்சியது தானத்துக்கு" எனக் கணக்கேட்டின் முதற்பக்கத்தில் எழுதி ஒப்பமிடுக.

வசதியுடைய சாவகர்க்கும் ஒரு வேண்டுகோள். நம் இளைஞர் தொடங்கும் கடையில் உறவு கூறிக் கடன் கேளாதீர். உரிய விலை கொடுத்து வாங்குங்கள். நீங்கள் தொழில் நடத்துவோராயின், சிறு தொழிலாளர் தந்த சரக்குக்கு 45 நாளுக்குள் பணம் தருதல் வேண்டும் என 2006ஆம் ஆண்டுச் சட்டம் விதிப்பதை மறவாதீர். பிறர் பணத்தைத் தம்மிடம் நிறுத்திக்கொண்டு ஆலயத்துக்கு விளக்கிடுவதில் பயனில்லை. அஞ்சியவனுக்கு அபயம் அளித்தலும், அறியாதவனுக்குக் கல்வி அளித்தலும் நால்வகைத் தானத்துள் அடங்கும். தொழில் தெரிந்தவர் ஓர் இளைஞனை ஆறு திங்கள் உடன் வைத்துக் கற்பித்தால், அது ஆதிபகவன் செய்த அருட்செயலின் சிறு சாயலாகும்.

கைம்முதல் இல்லாதவன் வறியவன் அல்லன். அறமுதலை இழந்தவனே வறியவன். இதனை உள்ளத்திற் கொண்டு நம் பிள்ளைகள் தொழில் தொடங்குக. பெற்றோர் துணை நிற்க.

வாழ்க அறம்! வளர்க மும்மணி நெறி!