இறந்த பிள்ளைகளின் நல்ல குணங்கள்

எண்பது வயதில் புற்றுநோயில் இறந்தவரை நாம் அந்த நோயை வைத்து நினைவில் வைத்திருப்பதில்லை. அவருக்கு ஒரு கடை இருந்திருக்கும், பங்காளியோடு ஒரு வரப்புத் தகராறு இருந்திருக்கும், மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்த கதை இருக்கும். நோய் அதில் கடைசி இரண்டு பக்கம். பதினாறு வயதில் இறந்த பிள்ளைக்கு அப்படி இல்லை. பன்னிரண்டில் நோய் வந்திருந்தால் வாழ்ந்த காலத்தில் கால்வாசி அதற்கே போயிருக்கும். அதனாலோ என்னவோ, அப்படிப் போன எல்லாப் பிள்ளைகளைப் பற்றியும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறோம்: "கடைசி வரைக்கும் எவ்ளோ தைரியமா இருந்தான் தெரியுமா?"

இது பொய் என்று சொல்ல வரவில்லை. பல சமயம் உண்மைதான். ஆனால் அந்த வாக்கியத்துக்குள் யார் இருக்கிறார்கள் என்பதுதான் என் சந்தேகம்.

எஸ்தர் எர்ல் என்று ஒரு அமெரிக்கப் பெண். 1994 ஆகஸ்ட் 3 அன்று பிறந்தவள். குடும்பம் பிரான்ஸில் இருந்தபோது, 2006இல் தைராய்டு புற்றுநோய் என்று தெரிந்தது. 2010 ஆகஸ்ட் 25 அன்று இறந்தாள். பதினாறு முடிந்து மூன்று வாரம். ஹாரி பாட்டர் பைத்தியம். மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு யூடியூபில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாள். 2009இல் பாஸ்டனில் நடந்த ஹாரி பாட்டர் ரசிகர் மாநாட்டில் ஜான் கிரீன் என்ற எழுத்தாளர் அவளைச் சந்தித்தார். அவர் 2012இல் வெளியிட்ட 'தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்' நாவல் அவளுக்குத்தான் சமர்ப்பணம். அது ஹாலிவுட் படமானது; பிறகு 2020இல் ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் 'தில் பேச்சாரா' என்று இந்திக்கும் வந்தது. நம்மில் பலர் எஸ்தர் பெயரே தெரியாமல் அந்தப் பாட்டுகளைக் கேட்டிருப்போம்.

நாவலின் நாயகி ஹேசல் எஸ்தர் இல்லை என்று ஜான் கிரீன் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். அதே சமயம், எஸ்தரைத் தெரியாமல் இருந்திருந்தால் இந்த நாவலை எழுதியிருக்க முடியாது என்றும் சொல்லியிருக்கிறார். இரண்டும் நேர்மையான பேச்சு. ஆனால் படித்தவர்கள் கேட்கவில்லை. நோய்வாய்ப்பட்ட பெண், ஆக்ஸிஜன் குழாய், சூட்டிகையான பேச்சு. போதும், இரண்டு பேரையும் ஒன்றாக்கிவிட்டார்கள்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. உன் பிறந்தநாளை ஒவ்வொரு வருஷமும் நாங்கள் கொண்டாடுவோம், அது எதைப் பற்றிய நாளாக இருக்க வேண்டும் என்று அவளிடமே கேட்டார் கிரீன். புற்றுநோய் விழிப்புணர்வு என்று அவள் சொல்லியிருக்கலாம், யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். அவள் யோசித்துச் சொன்னது, வீட்டாரிடமும் நண்பர்களிடமும் அன்பைச் சொல்கிற நாள் என்று. காதலர் தினத்தில் விட்டுப்போகிற ஆட்களுக்கான நாள். (நம் வீடுகளில் இது ரொம்பக் கஷ்டம். அம்மாவிடம் போய் 'உன்மேல் எனக்கு அன்பு' என்றால் முதலில் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்.) தன்னை எப்படி நினைக்க வேண்டும் என்று கேட்கப்பட்ட ஒரு பிள்ளை, நோயை அந்தப் பக்கமே விடவில்லை. அவள் போன பிறகும் அந்த நாளை அப்படியேதான் கொண்டாடுகிறார்கள்.

இன்னொரு பையன், இன்னும் பழைய கதை. ஜானி கந்தர். அப்பா ஜான் கந்தர் பெரிய பத்திரிகையாளர். 1947 ஜூன் 30 அன்று மூளைக்கட்டியில் ஜானி இறந்தபோது வயது பதினேழு. 'டெத் பி நாட் பிரவுட்' என்று 1949இல் அப்பா எழுதிய புத்தகம் அமெரிக்கப் பள்ளிகளில் பல தலைமுறை படிக்கப்பட்டது. இறப்பதற்குச் சில வாரம் முன்னால், தலையில் கட்டோடு அவன் நடந்துபோய்ப் பள்ளிச் சான்றிதழ் வாங்குகிற காட்சியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். படித்த எனக்கு ஒட்டிக்கொண்டது அது இல்லை. அவனுக்கு வேதியியல் பிடிக்கும். அம்மோனியா வாயுவைத் திரவமாக்கப் பார்க்கிறான். அந்த இடத்தில்தான் ஒரு பையன் தெரிந்தான். சான்றிதழ் காட்சியில் தெரிவது தைரியம். தைரியம் யாருக்கு வேண்டுமானாலும் இருக்கும், அம்மோனியா ஜானிக்கு மட்டும்.

என் தொழிலில் இதற்கு ஒரு உவமை உண்டு. ஒரு புகைப்படத்தை ஜேபெக்காகச் சுருக்கும்போது முதலில் தூக்கிப்போடுவது நுண்ணிய விவரங்களைத்தான், கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது என்பதால். நிறமும் பெரிய வடிவமும் நிற்கும். படம் 'நன்றாகவே' இருக்கும். ரொம்பச் சுருக்கினால் எல்லா முகமும் கட்டம் கட்டமாக ஒரே மாதிரி ஆகிவிடும்.

இதற்கு நேர் எதிரான இன்னொரு வழக்கமும் நம்மிடம் இருக்கிறது. "இருந்திருந்தா இந்த வைகாசிக்கு முப்பது. கல்யாணம் ஆகியிருக்கும்." செத்த பிள்ளைக்கு வருஷா வருஷம் வயது ஏற்றுவது. சாவு இருக்கும் இடத்தில் நான் இல்லை, பிறகு எனக்கென்ன நஷ்டம் என்றார் எபிக்யூரஸ். அதை மறுத்து தாமஸ் நேகல் 1970இல் ஒரு கட்டுரை எழுதினார்: கிடைத்திருக்கக்கூடிய வாழ்வு பறிபோனதுதான் நஷ்டம். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் நேகல் கட்சிதான் ஜெயிக்கும், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு சங்கடம் இருக்கிறது. நாம் அழுவது நடக்காத கல்யாணத்துக்கு, வாங்காத வேலைக்கு, பிறக்காத பேரனுக்கு. இருந்தவனைவிட இல்லாதவன் பெரிதாகிவிடுகிறான். பதினாறு வருஷம் என்பது எதற்கோ முன்னுரை போல ஆகிவிடுகிறது. அந்தப் பிள்ளைக்கு அது முன்னுரை இல்லை, அதுதான் வாழ்க்கை.

எங்கள் சித்தி பையன் பதினாறில் ரத்தப் புற்றுநோயில் போனான். என்னைவிட ஒரு வயது சின்னவன். "ஒரு நாள்கூட அழுததில்ல, யார்மேலயும் கோவப்பட்டதில்ல, தெய்வப்பிறவி" என்பார் சித்தி. அழுதான். நான் பக்கத்தில் இருந்தேன். கோபத்தில் ஒரு தடவை தட்டைத் தூக்கி எறிந்திருக்கிறான். சித்தியிடம் இதை நான் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன். உண்மை பேச வேண்டும் என்பதற்காக ஒரு தாயின் கையில் மிச்சமிருப்பதைப் பிடுங்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை. தவிர, அவர் சொல்வதைத் தகவல் என்று எடுத்துக்கொள்வதே தப்பு. அது ஒருவிதமான தாலாட்டு.

ஆனால் அந்த வீட்டில் இன்னொரு பிள்ளையும் இருந்தாள். அண்ணன் போனபோது தங்கைக்கு ஐந்து வயது. அடம்பிடித்தால், மார்க் குறைந்தால், எதிர்த்துப் பேசினால், மாலை போட்ட படத்தைக் காட்டி, "அவன் இப்படிப் பண்ணுவானா?" என்று கேட்டுக் கேட்டே வளர்த்தார்கள். செத்துப்போன ஒரு மகானோடு தினமும் போட்டி. அந்த மகான் தப்பே செய்யமாட்டான், ஏனென்றால் அவனுக்கு இனி எதுவும் செய்ய முடியாது. ஆக, இங்கே என் மௌனத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. அதைக் கொடுப்பது நான் இல்லை, அவள்.

அவள் கல்லூரியில் சேர்ந்த வருஷம் ஊருக்குப் போயிருந்தபோது மொட்டைமாடியில் வைத்துச் சொன்னேன். உங்க அண்ணன் கேரம் விளையாடினால் ஏமாற்றுவான். பவுடர் போடுகிற சாக்கில் காயை நகர்த்திவிடுவான், பிடித்தால் சாமி மேல் சத்தியம் செய்வான். ஆஸ்பத்திரியில் ஊசி போட வந்த நர்ஸுக்குப் பட்டப்பெயர் வைத்தான். ஒரு ராத்திரி ரொம்ப பயமா இருக்குடான்னு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை அவள். பிறகு கேட்டாள்.

"நர்ஸுக்கு என்ன பேருண்ணா வெச்சான்?"