செய்யாமையின் குற்றம்

கொலை செய்தவனைக் குற்றவாளி என்கின்றோம். கொலை நிகழப்போவதை அறிந்தும், தடுக்கும் அதிகாரம் கையிலிருந்தும், வாளாவிருந்தவனை என்னென்பது?

1837 இல் இந்தியாவுக்கெனத் தண்டனைச் சட்டக்கோவை வரைந்த மெக்காலே இவ்வினாவை எதிர்கொண்டார். கைதிக்கு உணவளியாது சாகவிட்ட சிறைக்காவலன் கொலைகாரன்; தன் காலடியிற் பசியால் மடியும் பிச்சைக்காரனுக்குச் சோறிட மறுத்த செல்வனோ தீயவன், ஆயினும் கொலைகாரன் அல்லன் என்றார். முன்னவனுக்குச் சட்டம் கடமை விதித்துள்ளது, பின்னவனுக்கு விதிக்கவில்லை. தீங்கைத் தடுப்பதே தண்டனைச் சட்டத்தின் வேலை. நன்மை செய்யத் தூண்டுவதை மதபோதகரும் ஒழுக்கம் கற்பிப்போரும் கவனித்துக்கொள்ளட்டும் என்பது அவர் கருத்து. (ஆசிரியராகிய நம் தலையில் இச்சுமை ஏறிய கதை இது!) சட்டம் வகுத்தோர் எப்பந்தியில் அமர்ந்து உண்டனர் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். 1883 இல் எழுந்த இலங்கைச் சட்டக்கோவையும் அதன் வழிவந்ததே.

அந்தச் சிறைக்காவலனின் இடத்தில் ஓர் அரசையே வைத்துப் பார்க்கும் நிலை நமக்கு நேர்ந்தது. 2019 ஏப்ரல் 4 ஆந் திகதி அரச புலனாய்வுச் சேவைக்கு எச்சரிக்கை கிட்டிற்று. அது கடிதமாகி மேசைக்கு மேசை நகர்ந்தது. 21 ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்புத் தேவாலயங்களிலும் கொழும்பு ஹோட்டல்களிலும் 250 இற்கு மேற்பட்டோர் மாண்டனர்.

அன்றைய பொலிஸ் மாஅதிபரும் பாதுகாப்புச் செயலாளரும் தலைக்கு 855 குற்றச்சாட்டுகளுடன் மேல் நீதிமன்றில் நிறுத்தப்பட்டு, 2022 பெப்ரவரி 18 இல் எதிர்வாதம் கோரப்படாமலே விடுதலையாயினர். ஆனால் உயர் நீதிமன்றம் 2023 ஜனவரி 12 இல் அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன எனக் கண்டு, முன்னாள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாவும், பொலிஸ் மாஅதிபரும் அரச புலனாய்வுப் பணிப்பாளரும் தலைக்கு ஏழரைக் கோடியும், பாதுகாப்புச் செயலாளர் 5 கோடியும், தேசிய புலனாய்வுத் தலைவர் 1 கோடியும் தத்தம் சொந்தப் பணத்தினின்று நட்டஈடாகச் செலுத்தப் பணித்தது. அதிகம் அறிந்தவரும் அதிகம் ஆளவல்லவருமே அதிகம் செலுத்த நேர்ந்தமை கவனிக்கத்தக்கது.

இத்தீர்ப்புகள் ஒன்றையொன்று மறுப்பனவல்ல. குற்றவியல் நீதி தனிமனிதனின் உள்ளத்தைத் துருவுகிறது. அடிப்படை உரிமை வழக்கோ கடமை நிறைவேறியதா என்றே வினவுகிறது. பதவியில் இருப்போரிடம் கேட்கவேண்டியது பின்னைய கேள்வியே என்பது நம் துணிபு. 'மேலே அறிவித்தேன்', 'கீழே அனுப்பினேன்' என்னும் விடைகள் கோப்புக்குப் போதும். ஆலய வாயிலில் ஒருவர் நின்று, 'இன்று உள்ளே போகவேண்டாம்' என்று சொன்னாரா? அதுவன்றோ கேள்வி!

அரச மாளிகைகளுக்கு மட்டுமே உரிய நோயன்று இது. வகுப்பறைச் சுவர் வெடித்திருக்கக் கண்டு, கல்விப் பணிமனைக்கு ஒரு கடிதம் எழுதிப் பிரதியைக் கோப்பிலிட்டபின், அச்சுவரருகிலேயே பிள்ளைகளை இருத்திப் பாடம் நடத்தும் அதிபரையும் ஆசிரியரையும் மெக்காலேயின் எந்த வரிசையிற் சேர்ப்பது?