ஆறு நாட் படைப்பும் ஆனைமலையும்

உலகிற்கு ஒரு கருத்தா உண்டென்பது சைவர்க்கும் கிறித்தவர்க்கும் ஒப்ப முடிந்த பொருள். அக்கருத்தா உலகைத் தோற்றுவித்தவாறு யாது என்னுமிடத்தே இரு சாராரும் வேறுபடுவர். தத்துவபோதகர் எனப்பட்ட இராபர்ட்டு தெ நொபிலி 1606-இல் மதுரைக்கு வந்த காலந்தொட்டே நம் நகரம் இவ்வேறுபாட்டை அறியும். இவ்வழக்கில் நம்மவருட் சிலர் எடுக்கும் படைக்கலம், விவிலியத்து ஆதியாகமம் கூறும் ஆறு நாட் படைப்பு. அப்படைக்கலம் நம் கைக்குத் தகுமோ என ஈண்டு ஆராய்வாம்.

அவ்வாகமத்தைச் சொற்கிடந்தவாறே கொள்ளின் இடர்ப்பாடு பல. முதல் நாளில் ஒளியும், மூன்றாம் நாளில் மரஞ்செடிகளும், நான்காம் நாளில் ஞாயிறும் தோன்றின என்ப. ஞாயிறு தோன்றாமுன் மூன்று மாலையும் மூன்று காலையும் யாங்ஙனம் கழிந்தன? முதல் அதிகாரம் விலங்கின் பின் மனிதனையும், இரண்டாம் அதிகாரம் மனிதன் பின் விலங்கையும் கூறுவது என்னை? தலைமுறைகளைக் கணக்கிட்டு, படைப்பு கி.மு. 4004-இல் நிகழ்ந்ததென 17-ஆம் நூற்றாண்டில் அயர்லாந்துப் பேராயர் அஷர் வரையறுத்தார். திருவள்ளூரைச் சார்ந்த அத்திரம்பாக்கத்துக் கற்கருவிகளோ 15 இலட்சம் ஆண்டுப் பழமையுடையன என ஆய்வாளர் 2011-இல் வெளியிட்டனர்.

இவற்றைக் காட்டி நகைப்பார், கிறித்தவப் பெரியாரே இவ்வையங்களை எழுப்பினமை அறியார். ஞாயிறின்றி நாள் ஏது என 3-ஆம் நூற்றாண்டில் ஒரிகென் வினவினார். அந்நாட்கள் நம் நாள் போல்வன அல்ல என்றார் அகுஸ்தீன்.

இனி நம் மனைக்கண் வருவாம். மதுரைக்கு வடகீழ்பால் ஒத்தக்கடையை அடுத்துக் கிடப்பது ஆனைமலை. சமணர் ஏவிய யானை, சோமசுந்தரக் கடவுள் எய்த நரசிங்க பாணத்தாற் பட்டு அம்மலையாயிற்று என்பது திருவிளையாடற் புராணம். அப்பகுதிப் பாறைகள் உருவாகி 50 கோடி ஆண்டிற்கு மேலாயின என்பர் நிலநூலார். என்பால் தமிழ் கற்க வந்த கிறித்தவ மாணவனொருவனை ஞாயிறில்லா நாளைக் குறித்து ஒருகால் யான் வினவினேன். அவன் அம்மலையைச் சுட்டி, "ஐயா, அது எந்நாளிற் கல்லாயிற்று?" என்றான். யான் வாளா இருந்தேன். அவன் வினா குறும்பன்று, நீதியே.

இதற்கு வழி நம் அளவை நூலில் உளது. காட்சி, கருதல், உரை என்னும் மூன்றும் தத்தம் எல்லையுடையன. கல்லின் அகவை முன்னிரண்டின் எல்லைக்கு உட்பட்டது. அவற்றிற்கு எட்டாத பதி பசு பாச இயல்பை உணர்த்தவே உரையளவை வேண்டப்பட்டது. ஆதலின் உரை காட்சியொடு முரணியவழி இலக்கணையால் அதன் கருத்தே கொள்ளப்படும். ஆனைமலைக் கதையின் கருத்து அடைந்தாரைக் காக்கும் அருள். ஆறு நாட் கதையின் கருத்து உலகம் தானே தோன்றியதன்று என்பது. இந்நெறி நமக்கொன்று, பிறர்க்கொன்று ஆகாது.

அற்றேல், இரு சமயமும் ஒன்றோ எனின், அன்று. வழக்கு நிற்குமிடம் வேறு. உலகம் இன்மையினின்று படைக்கப்பட்டது என்பர் கிறித்தவர். இல்லது தோன்றாது ஆகலின், மண்ணும் திகிரியும் குயவனும் போல மாயை முதற்காரணமும், சத்தி துணைக்காரணமும், இறைவன் நிமித்த காரணமும் ஆம் என்பது மெய்கண்டார் நெறி. உயிரும் புதிதாகப் படைக்கப்பட்டதாயின், ஒருவன் குருடனாய்ப் பிறத்தற்குப் படைத்தவனே பொறுப்பாவான். அவன் அருளுடைமைக்கு அது இழுக்காம். நாட்கணக்கால் தீராத வினா இது. அவரும் அநாதி மலம் ஏன் உளதாயிற்றென நம்மை வினவுவர். விடை கூற நாமும் கடமைப்பட்டுள்ளோம். அறிவுடையார் பொருதற்குரிய களம் இதுவே.

யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், பெர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பிற்குத் துணைநின்று அந்நூலைப் பயின்றவர். 1854-இல் சைவதூஷண பரிகாரம் வெளியிட்டபோது அப்பயிற்சியே அவர்க்கு வலியாயிற்று. பிறர் நூலை அதன் கருத்தறிந்து மறுப்பதே மறுப்பு. நம் நூற்கு வேண்டும் சலுகையைப் பிறர் நூற்கு மறுப்பார், அவையில் வெல்லினும் அறத்தில் தோற்பர்.