கழற்றி வைத்த கூரை

ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறவர் மூன்று வகைக் கூரைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். கூரை உடம்போடு ஒட்டிய ஹார்ட்டாப் ஒன்று. பொத்தானை அழுத்தினால் கூரை மடிந்து பின்பக்கம் போய் ஒளிந்துகொள்ளும் கன்வர்ட்டிபிள் இன்னொன்று. கூரையைக் கையால் கழற்றி எங்காவது வைத்துவிட்டுப் போகும் வகை மூன்றாவது. எது நல்லது என்று மெக்கானிக்கைக் கேட்டால் எடை, ஒழுகல், விலை என்று கணக்குச் சொல்வார். அது சரியான கணக்குத்தான். ஆனால் இந்த மூன்றுக்கும் நடுவே இயந்திரத்தைவிடப் பழைய கேள்வி ஒன்று இருக்கிறது. எந்த நேரமும் மாற்றிக்கொள்ளலாம் என்றிருப்பது சுதந்திரமா, ஒன்றைத் தீர்மானித்துவிட்டு அதன் விளைவோடு இருப்பது சுதந்திரமா? இதற்குச் சான்று தேட ஷோரூமைவிட மயிலாப்பூர் மாட வீதி நல்ல இடம்.

அங்குள்ள கோயிலில் கபாலீசுவரர் கருவறையில் கல் கூரைக்குக் கீழே இருக்கிறார், அது அசையாது. பங்குனிப் பெருவிழாவின் பத்து நாளில் அவர் வெளியே வருகிறார். மூன்றாம் நாள் காலையில் அதிகார நந்தி வாகனத்தின் மேல், வெயிலில், ஒரு குடையின் நிழலில் வருகிறார். ஏழாம் நாள் தேர். தேரின் அடிப்பகுதிதான் நிரந்தரம்: சிற்பம் செதுக்கிய மரம், அச்சு, சக்கரம். மேலே தெரியும் உயரமெல்லாம் ஆண்டுதோறும் மூங்கிலும் கயிறும் துணியும் கொண்டு கட்டி, தொம்பை தொங்கவிட்டு, விழா முடிந்ததும் அவிழ்ப்பது. சில தெரு தள்ளி முண்டகக்கண்ணி அம்மன் இன்றும் கீற்றுக் கூரையின் கீழ்தான் இருக்கிறாள். உறையூர் வெக்காளியம்மனுக்கோ கூரையே கிடையாது. மண்மாரியில் வீடிழந்த ஊர்மக்கள் எல்லோருக்கும் கூரை கிடைக்கும்வரை தனக்கும் வேண்டாம் என்று அவள் வானத்தின் கீழ் அமர்ந்ததாகக் கதை. ஆக, கூரை விஷயத்தில் நம் மரபு ஒரே விடை சொல்லவில்லை. மூடியது, திறந்தது, கட்டி அவிழ்ப்பது மூன்றையும் வைத்திருக்கிறது. மூன்றிலும் இல்லாதது ஒன்று உண்டு, நடுவழியில் மனம் மாறுவது. வெயில் ஏறிவிட்டது என்று அதிகார நந்திக்கு மேல் யாரும் பந்தல் போடுவதில்லை. வடம் பிடித்த பிறகு காற்று வேண்டும் என்று தேர்ச்சீலையை அவிழ்ப்பதும் இல்லை.

பொத்தான் கூரை இதற்கு நேர் எதிர். பி.எம்.டபிள்யூ இசட்4 காரில் துணிக்கூரை சுமார் 10 விநாடியில் திறக்கும். 50 கிலோமீட்டர் வேகம்வரை ஓட்டியபடியே திறக்கலாம், மூடலாம். மெட்ரோ வேலை நடக்கும் லஸ் முனையில் புழுதி என்றால் மூடலாம். திரு.வி.க. பாலத்தில் அடையாற்றுக் காற்று வந்தால் திறக்கலாம். முன்னால் ஒரு மாநகரப் பேருந்து புகை தள்ளினால் மறுபடி மூடலாம். ஆற்றைக் கடக்கும் அந்த ஒரு நிமிடத்தில் ஓட்டுநரின் மனம் ஆற்றிலும் இல்லை, காற்றிலும் இல்லை. விரல் பக்கத்தில் இருக்கிற பொத்தானில் இருக்கிறது. இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. டேனியல் கில்பர்ட், ஜேன் எபர்ட் என்ற உளவியலாளர்கள் ஹார்வர்டில் புகைப்பட வகுப்பு மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்து 2002-இல் வெளியிட்டார்கள். தாங்கள் எடுத்த இரண்டு படங்களில் ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். சிலருக்கு, பிறகு மனம் மாறினால் மற்றதை வாங்கிக்கொள்ளலாம் என்ற வசதி. சிலருக்கு அந்த வசதி இல்லை. மாற்ற முடியாதவர்களே தங்கள் படத்தை அதிகம் விரும்பினார்கள். இந்த வித்தியாசம் வரும் என்று முன்கூட்டி ஊகிக்கவும் மாணவர்களால் முடியவில்லை. கதவு திறந்திருக்கும்வரை மனம் வாசலிலேயே நிற்கிறது. உள்ளே வந்து உட்காருவதில்லை.

அப்படியானால் ஹார்ட்டாப்தானே சிறந்த தீர்மானம், அதை மாற்றவே முடியாதே என்று கேட்கலாம். சென்னை வெயிலையும் ஐப்பசி கார்த்திகை மழையையும் பார்த்து ஹார்ட்டாப் வாங்குகிறவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர் தீர்மானித்தது கடையில், ஒரே ஒரு தடவை. அதற்குப் பிறகு அவர் கூரையின் கீழ் இருப்பது தீர்மானத்தால் இல்லை, பழக்கத்தால். பூஜையின் தொடக்கத்தில் சங்கல்பம் செய்துகொள்கிறவர் ஆண்டு, அயனம், ருது, மாதம், பட்சம், திதி, கிழமை, நட்சத்திரம் என்று அந்த நாளைத் துல்லியமாகச் சொல்லி, இன்ன இடத்தில் இருந்து இன்ன காரியம் செய்கிறேன் என்கிறார். நேற்றைய சங்கல்பம் இன்றைக்குச் செல்லாது; இன்று தொடங்கியதைப் பாதியில் விடுவதும் கூடாது. நாள்தோறும் புதிது, ஆனால் அந்த நாளுக்குள் உறுதி. மயிலாப்பூரைச் சேர்ந்தவர் என்று மரபு சொல்லும் வள்ளுவரும் பொருட்பாலில் காலமறிதலுக்கு ஓர் அதிகாரம், இடனறிதலுக்கு ஓர் அதிகாரம் என்று தனித்தனியாக ஒதுக்கியிருக்கிறார். கழற்றும் கூரைதான் இந்த வடிவத்துக்குப் பொருந்துகிறது. காலையில் வானத்தைப் பார்த்து, போகிற இடத்தை யோசித்து, கூரையை வீட்டில் வைப்பதா எடுத்துப் போவதா என்று முடிவு செய்ய வேண்டும். புறப்பட்ட பிறகு அந்தக் கேள்வி முடிந்துவிடுகிறது, கண்ணும் காதும் சாலைக்குத் திரும்புகின்றன.

கழற்றும் கூரை புகழ்பெற்றதே ஓர் அச்சத்தால்தான் என்பது வேடிக்கை. திறந்த கார் கவிழ்ந்தால் தலை தப்பாது என்று அமெரிக்கா கன்வர்ட்டிபிளையே தடை செய்துவிடுமோ என்ற பயம் இருந்தது. 1965-இல் பிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் போர்ஷே நிறுவனம் 911 டார்காவைக் காட்டியது. இருக்கைக்குப் பின்னால் அசையாத எஃகு வளைவு; தலைக்கு மேலே கையால் எடுக்கும் பலகை. சிசிலித் தீவின் டார்கா ஃப்ளோரியோ பந்தயத்திலிருந்து பெயர். 2014 முதல் வரும் டார்காவில் அந்தப் பலகையையும் மோட்டார்தான் தூக்குகிறது. பின்கண்ணாடி மொத்தமும் எழுந்து பின்னால் சாய, கூரை அதன் அடியில் போய்ப் படுக்கிறது. வேலை முடிய 19 விநாடி, அதுவும் கார் நின்றிருந்தால்தான். பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி, மறுக்கவில்லை. ஆனால் மூன்றாவது வகை இரண்டாவதோடு கலந்துபோன இடமும் அதுதான்.

இனி எதிர்வாதங்கள். கையில் குடை வைத்திருப்பவன் மடையனா, மழைக்கு வழி வைத்துக்கொள்வது விவேகம்தானே? விவேகம்தான், அதற்கான விலை தெரிந்தால். இசட்4-இன் முந்தைய தலைமுறை 2009-இல் மடியும் உலோகக் கூரையோடு வந்தது. அடுத்த தலைமுறையில் நிறுவனமே துணிக்குத் திரும்பியது. உலோகக் கூரை மடிந்தால் பெட்டி வைக்கும் இடத்தைத் தின்றுவிடும், எடையும் கூடும். இது காருக்கு ஆகும் செலவு. கவனத்துக்கு ஆகும் செலவை மேலே சொன்னேன். மழை பிடித்துக்கொண்டால் கூரையை விட்டுவிட்டு வந்தவர் மேம்பாலத்தடியில் ஒதுங்கலாம், திரும்பிவிடலாம். உறுதி என்பது நனைந்து சாக வேண்டும் என்ற கட்டளை இல்லையே.

இதைவிட வலுவான மறுப்பு இடத்தைப் பற்றியது. கோயிலுக்குத் தேர் நிறுத்தத் தனி இடம் இருக்கிறது, தி. நகர் அடுக்ககத்தில் ஒரு காருக்கே இடம் போதாது, கழற்றிய கூரையை எங்கே வைப்பது? இந்தியாவில் விற்கும் ஜீப் ரேங்ளரில் முன்பலகைகள் கையோடு வந்துவிடும். பின்பகுதிக்கு போல்ட் கழற்ற வேண்டும், தூக்க இரண்டு ஆள் வேண்டும். நான் புகழும் தீர்மானம் தோட்டத்தோடு பங்களா வைத்திருப்பவருக்கு மட்டும் என்றால் அது தத்துவம் இல்லை, சொத்து விவரம். இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கருத்துக்குத் தேவை கூரையை வைக்கும் அறை இல்லை. கூரையை எடுப்பதில் உள்ள சிரமம்தான். செங்கல்பட்டுக்கு அருகே மகிந்திரா ரிசர்ச் வேலியில் உருவாகி 2020 அக்டோபர் 2 அன்று விற்பனைக்கு வந்த தார் காரில் அப்போது ஹார்ட்டாப்பும் இருந்தது, மடிக்கும் துணிக்கூரையும் இருந்தது. ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். அந்தத் துணிக்கூரையை இறங்கி நின்று, ஜிப்பைப் பிரித்து, பக்கத் துணிகளை எடுத்து, கையால்தான் மடிக்க வேண்டும். குறையாகச் சொல்லப்படும் இதையே நான் அதன் சிறப்பாக எண்ணுகிறேன்: பனகல் பூங்கா சிக்னலில் யாரும் இதைச் செய்ய மாட்டார்கள். எந்த வகைக் கூரை என்ற பெரிய தீர்மானத்தையோ சட்டமே பூட்டிவிடுகிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை நம் விருப்பத்துக்கு மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஹார்ட்டாப் வாங்கிவிட்டுப் பிறகு கூரையை அறுத்துக்கொள்ள வழியில்லை.

சாமியின் தேரையும் பணக்காரர் பொம்மையையும் ஒரே வரியில் வைக்கலாமா என்று சிலர் கோபப்படலாம். புனிதத்தை நான் ஒப்பிடவில்லை. தீர்மானம் எப்படி நடக்கிறது என்பதை மட்டுமே பார்க்கிறேன். ஒரு வேறுபாட்டை ஒப்புக்கொள்ள வேண்டும்: சாமி வெளியே வருவது பிறருக்காக. கோயிலுக்குள் போக முடியாத முதியவருக்கும், ஒரு காலத்தில் உள்ளே விடப்படாத சாதிகளுக்கும் வீதிதான் சந்நிதி. திறந்த காரில் போகிறவர் பெரும்பாலும் தனக்காகத்தான் போகிறார். ஆனாலும் காரிலும் பக்கத்தில் ஒருவர் இருக்கிறார். தேர் நாள் முன்பே தெரிவதால்தான் தெரு தயாராகிறது. நீர்மோர்ப் பந்தல் எழுகிறது, குறுக்கே போகும் ஒயர் விலகுகிறது. பொத்தான் இருந்தால் ஓட்டுகிறவர் ஒருவரே நினைத்த நேரத்தில் இருவருக்குமாகத் தீர்மானித்துவிடுகிறார். இன்றைக்குக் கூரை கிடையாது என்று வீட்டிலேயே தெரிந்தால், கூட வருகிறவர் தலையை இறுக்கிப் பின்னிக்கொண்டு வரலாம். வெயில் ஒத்துக்கொள்ளாது, நான் ஆட்டோவில் வந்துகொள்கிறேன் என்றும் சொல்லலாம்.