வெயிலுக்கொரு வேட்டு

நோர்வேயின் வடகிழக்கு முனையிலுள்ள வார்டோ தீவில் நவம்பர் பிற்பகுதியில் மறையும் சூரியன் ஜனவரியில்தான் திரும்பும். முழுவட்டமும் தெரிகிற முதல் நாள் கோட்டைப் பீரங்கி முழங்கும், பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை.

1996 ஜனவரியில் அந்த வெடி கேட்டபோது மீன் ஆலையில் நின்ற நாங்கள் சிலர் குனிந்துவிட்டோம். யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்து மூன்று மாதங்கூட ஆகவில்லை. கூட வேலைசெய்த மூதாட்டி சிரிக்கவில்லை; வெளியே கூட்டிப்போய்க் காட்டினாள். கடல்மேல் செம்மஞ்சள் வட்டம். அழகுதான். (ஊரில் நாங்கள் ஒதுங்கி நடந்த அதே வெயில்!)

ஊர் அழிகையில் இதை ரசிப்பது துரோகமா? துரோகமென்றால் யாருக்கு? துயரப்படுபவனுக்குக் கண் தெரியக்கூடாதென்பது தூரத்தில் இருப்பவர்கள் போட்ட சட்டமோ என்னவோ. கொடிகாமத்திலிருந்து அம்மா எழுதிய கடிதத்தில், அரிசி விலைக்குக் கீழே, வேலியோரம் தும்பை பூத்திருப்பதாகவும் ஒரு வரி இருந்தது.