கொள்கை உறுதியும் அதன் விலையும்: செ. சுந்தரலிங்கத்தின் அரசியல் வாழ்வு பற்றிய ஓர் அறவிசாரணை

ஒருவர் தம் கொள்கையில் இறுதிவரை வளைந்து கொடுக்காமல் நின்றார் என்பது, அதனளவிலேயே அவருக்குரிய பாராட்டாகுமா என்னும் வினா, மரபுவாத அரசியலாளர்களின் வாழ்வை மதிப்பிடும்போது தவிர்க்க இயலாதவாறு எழுகின்றது. நீண்டகால வழக்காறுகளிலும் சமய ஒழுங்குகளிலும் தலைமுறைகளின் பட்டறிவு படிந்திருக்கின்றது என்றும், அவற்றைச் சட்டத்தின் விசையால் அவசரமாக மாற்றுதல் தீங்கு என்றும் கருதுவோரே இங்கு மரபுவாதிகள் எனப்படுகின்றனர். யாழ்ப்பாணத்தில் இவ்வினாவை மிகக் கூர்மையாக எழுப்பும் வாழ்க்கை செல்லப்பா சுந்தரலிங்கத்தினுடையது.

வலிகாமம் கிழக்கின் ஊர்களுள் ஒன்றான உரும்பிராயில் 1895இல் பிறந்த சுந்தரலிங்கம், ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் பலியோல் கல்லூரியில் கணிதம் பயின்று, இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்து, பின்னர் அதைத் துறந்து, கொழும்பில் பௌத்தக் கல்வியின் முதன்மை நிறுவனமான ஆனந்தாக் கல்லூரியில் உப அதிபராகவும், பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராகவும் பணியாற்றியவர். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் வவுனியாத் தொகுதியிற் சுயேச்சையாக வென்று, பிரதமர் டி. எஸ். சேனநாயக்கவின் அமைச்சரவையில் வர்த்தக அமைச்சரானார். ‘அடங்காத் தமிழர்’ என்று பிற்காலத்தில் அறியப்பட்ட அவருக்கு அப்பெயர் பொருந்தும் என்பதை 1948ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் காட்டியது. இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர்களின் குடியுரிமை பற்றிய மசோதா சபைக்கு வந்தபோது, திருமணமானோர் 7 ஆண்டுகளும் ஏனையோர் 10 ஆண்டுகளும் தொடர்ந்து வாழ்ந்ததை நிறுவ வேண்டும் என்பது போன்ற அதன் நிபந்தனைகள் மலையகத் தமிழரான தோட்டத் தொழிலாளரை அலைக்கழிக்கும் நிலையில், அமைச்சராயிருந்தும் அவர் சபையிலிருந்து வெளியேறினார். பிரதமர் விளக்கம் கோரியபோது, விளக்கத்திற்குப் பதிலாகப் பதவி விலகினார்.

இச்செயலின் மதிப்பை ஒரு குறையுடன் சேர்த்தே எடைபோட வேண்டும். மலையகத் தமிழரின் நாடற்ற நிலைக்கு அடித்தளமிட்ட இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அதே ஆண்டில் முன்னதாக நிறைவேறியபோது அவர் அமைச்சரவையில்தான் இருந்தார். ஆயினும், தம் தொகுதிக்கும் தம் வகுப்பினருக்கும் நேரடி ஆதாயம் எதுவும் தராத ஒரு விடயத்திற்காக அமைச்சுப் பதவியை இழக்கத் துணிந்தவர்கள் அக்காலப் பாராளுமன்றத்தில் மிகச் சிலரே என்பதால், தாமதித்து வந்ததாயினும் அம்முடிவு நேர்மையானதே.

இருபது ஆண்டுகள் கழித்து அதே மனிதர் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாசலில் நின்றார். அன்றைய யாழ்ப்பாணத்துச் சூழலை விளங்கிக்கொள்ளாமல் அக்காட்சியை மதிப்பிட இயலாது. பஞ்சமர் என்று ஒதுக்கப்பட்ட வண்ணார், அம்பட்டர், பள்ளர், நளவர், பறையர் ஆகிய ஐந்து சமூகத்தினருக்கும் தேநீர்க் கடைகளிற் சம இருக்கை இல்லை. பொதுக் கிணற்றில் தாமே நீரள்ளும் உரிமை இல்லை. பெருங்கோயில்களுக்குள் நுழைவும் இல்லை. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், சாதி காரணமாகப் பொது இடங்களிலும் வழிபாட்டிடங்களிலும் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கியிருந்தும், பத்து ஆண்டுகளாக அது பெரும்பாலும் ஏட்டளவிலேயே இருந்தது. 1966 ஒக்டோபரில் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், அதையடுத்து உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கமும் அந்த ஏட்டை வீதிக்குக் கொண்டுவந்தன. தேநீர்க் கடைகளில் தொடங்கிய போராட்டம் கோயில்களை எட்டி, 1968இல் தெல்லிப்பளைக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே அமைந்த மாவிட்டபுரத்தில் உச்சம் பெற்றது. உள்ளே சென்று வழிபட வந்தவர்கள் வாசலில் அமர்ந்து அறப்போர் நடத்த, அவர்களைத் தடுத்த அணிக்குச் சுந்தரலிங்கம் தலைமை தாங்கினார். 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அவர்மீது தொடரப்பட்ட வழக்கு, அவரது மேன்முறையீட்டினால், அக்காலத்தில் இலங்கையின் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இலண்டனில் இயங்கிய கோமறைக் கழகம் எனப்படும் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. தமிழருக்குத் தனிநாடு வேண்டும் என்று மற்றவர்களுக்கு முன்பே எழுதியவர், தமிழருள் ஒரு பகுதியினர் தம் தெய்வத்தின் முன் நிற்கலாகாது என்பதற்காக ஆங்கிலேய நீதிபதிகளின் முன் வழக்காட நேர்ந்த முரண் கவனிக்கத்தக்கது.

மரபுத் தரப்பினரின் வாதங்களை இழிவுபடுத்தாமல் எடுத்துரைப்பது அறவிசாரணையின் கடமை. கோயில் ஆகம விதிகளுக்குட்பட்ட புனித வெளி என்பதும், வழிபாட்டு ஒழுங்கிற் சட்டம் தலையிடலாகாது என்பதும், மாற்றம் ஊரவரின் இணக்கத்துடன் மெல்ல வரவேண்டும் என்பதும், சிங்களப் பெரும்பான்மையினரின் அரசு தமிழரை நெருக்கும் வேளையில் உட்பூசல் ஆகாது என்பதும் அவை. இவற்றுள் இறுதி வாதமே வலிமையானது. ஆயினும் அதுவே தன்னைத் தானே மறுக்கின்றது. ஒற்றுமை குலையும் என்று அஞ்சுவோர் அதைக் காப்பதற்குக் கதவைத் திறந்துவிட்டிருக்கலாம். ஒற்றுமைக்கான விலையை எப்போதும் வெளியே நிற்பவரே தரவேண்டும் என்று எந்த நியாயமும் விதிக்கவில்லை. மெல்ல வரட்டும் என்பதும், தடுப்பவரின் மனம் மாறும்வரை தடுக்கப்பட்டவர் காத்திருக்க வேண்டும் என்ற அளவிற்கே பொருள்படுகின்றது. தமிழரின் உரிமைக்கு இதே பொறுமையைச் சிங்களத் தலைவர்கள் பரிந்துரைத்தபோது அதை ஏற்காதவர்களுள் சுந்தரலிங்கம் முன்னணியில் இருந்தவர்.

இத்தகைய வாழ்க்கை யாழ்ப்பாணத்திற்கு மட்டும் உரியதன்று. இலங்கையில் மேற்சொன்ன சட்டம் நிறைவேறிய அதே 1957ஆம் ஆண்டின் ஓகஸ்ட் மாதத்தில், ஐக்கிய அமெரிக்காவின் தென் கரோலினாவைச் சேர்ந்த மரபுவாத செனற்றர் ஸ்ட்ரொம் தேர்மண்ட், கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பாதுகாக்க முனைந்த குடியியல் உரிமைச் சட்டத்தைத் தடுப்பதற்காக 24 மணி 18 நிமிடம் தொடர்ந்து பேசினார். மாநிலங்களின் அதிகாரத்தைக் காப்பதே நோக்கம் என்றார் அவர். அவரது உடல் வலிமையும் உறுதியும் வியப்புக்குரியனவாயினும், அவை எதற்குச் செலவிடப்பட்டன என்பதை விட்டுவிட்டு அவற்றைப் போற்ற இயலாது.

ஆகவே, கொள்கை உறுதியை அளக்கும்போது கேட்கப்பட வேண்டிய முதற் கேள்வி, அக்கொள்கையின் விலையை யார் செலுத்துகின்றனர் என்பதே. 1948இல் விலையைச் செலுத்தியவர் சுந்தரலிங்கமே. 1968இலும் அவர் நீதிமன்றம் ஏறி, முதுமையில் அலைந்து, ஒரு விலையைச் செலுத்தினார் என்று அவரது ஆதரவாளர்கள் கூறலாம், அது உண்மையே. ஆனால் அவர் செலுத்தியது தாமே தேர்ந்துகொண்ட ஒரு வழக்கின் செலவு; வாசலில் அமர்ந்திருந்தவர்களோ தாம் தேராத பிறப்பிற்காகத் தலைமுறைகளாகச் செலுத்திக்கொண்டிருந்தனர். தன் நம்பிக்கைக்காகத் துன்புறுபவர் அந்நம்பிக்கையின் உண்மைக்குச் சான்றாகிவிடுவதில்லை. தடுப்பவர் துன்புற்றாலும் தடுத்தல் நீதியாவதில்லை. முன்னைய தியாகத்தைப் பின்னைய அநீதிக்கு ஈடாக வைக்கவும் இடமில்லை, ஏனெனில் மலையகத்துத் தொழிலாளிக்குச் செய்த நன்மையை மாவிட்டபுரத்து வாசலில் தடுக்கப்பட்டவர் பெற்றவரல்லர்.

அக்காலத்துத் தமிழ்த் தலைமை முழுவதையும் இதிலிருந்து விடுவித்து, பழியைச் சுந்தரலிங்கம் ஒருவர்மீது சுமத்துவதும் நேர்மையாகாது. மாவிட்டபுரம் எஸ். ஜே. வி. செல்வநாயகத்தின் காங்கேசன்துறைத் தொகுதிக்குள் இருந்தும், அவரது தமிழரசுக் கட்சி அங்கே உறுதியாகக் குரல் கொடுக்கத் தயங்கியது என்னும் விமர்சனம் பலமாக எழுந்தது. வெளிப்படையாகத் தடுத்தவரை வரலாறு எளிதில் அடையாளம் காண்கின்றது. ஒதுங்கி நின்றவர்களைக் காண்பதற்குக் கூடுதல் முயற்சி தேவைப்படுகின்றது. 1970ஆம் ஆண்டுத் தேர்தலில் அதே தொகுதியிற் செல்வநாயகத்தை எதிர்த்துப் போட்டியிட்ட சுந்தரலிங்கம் தோல்வியுற்றார், 1985இல் மறைந்தார்.

ஈழம் என்னும் கோரிக்கையின் முன்னோடியாக அவரை நினைவுகூரும் நூல்களும் மலர்களும் இன்றும் 1948ஐ விரித்து எழுதி, 1968ஐ ஒரு வரியிற் கடந்து செல்வதுண்டு. இனி அவரைப் பற்றி எழுதுவோர் இரு ஆண்டுகளுக்கும் சம அளவு இடம் ஒதுக்க வேண்டும். இரண்டாவதை எழுதும்போது, அவரது சொற்களுடன் அன்று வாசலில் அமர்ந்திருந்தவர்களின் சாட்சியங்களையும் தேடிப் பதிவு செய்ய வேண்டும்.