கடன்பட்டுக் கட்டும் களஞ்சியம்

"இருப்பது இரண்டு ஏக்கர், இதற்கொரு களஞ்சியம் ஒரு கேடா?"

எள்ளி நகைக்கும் இந்தக் குரலை எந்த ஊர்த் தேநீர்க் கடையிலும் கேட்கலாம். சிற்றுழவன் ஒருவன், தன் நிலத்து மேட்டில் செங்கற்சுவர் எழுப்பித் தகரக் கூரையிட்டு, ஒருபுறம் மாடு நிற்கவும் மறுபுறம் நெல் கிடக்கவும் ஓர் இடம் வேண்டுமென்று வாய் திறந்தால் போதும். அறிவுரை அடைமழையாய்ப் பொழியும். விரலுக்குத் தக்க வீக்கம் வேண்டுமென்பார் ஒருவர். கடனில்லாக் கஞ்சி கால் வயிறு போதுமென்பார் மற்றொருவர். இவர்கள் யார்? அதே உழவன் மகளின் காதணி விழாவுக்கு வட்டிக்கு வாங்கியபோது வாய் திறவாதவர்கள். வந்திருந்து விருந்துண்டு, பந்தல் சிறிதென்று குறையும் சொல்லிச் சென்றவர்கள்!

பந்தலுக்குக் கடன்படலாம், களஞ்சியத்துக்குக் கடன்படலாகாது. இது எந்த ஊர் நியாயம்? நாம் இங்கு எழுப்பும் வினா இதுதான்: சிறு நிலமுடையவன் கடன்பட்டுக் களஞ்சியம் கட்டுவது தகுமா? தகுமெனில், அவனுக்குப் பணம் தருவோர் செய்வது தயவா, கடமையா?

களஞ்சியம் இல்லாதவன் வாழ்வை முதலில் பார்ப்போம். அறுவடை முடிகிறது. களத்து நெல்லைக் கொட்டிவைக்க இடமில்லை; தார்ச்சாலையின் ஓரம் அவனுக்குக் களமாகிறது. நேரடிக் கொள்முதல் நிலையத்திலோ, ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது என்பது விதி. மழைக்காலத்தில் அந்த அளவுக்குக் காய வைப்பது எளிதா? தார்ப்பாயை இழுத்து மூடுகிறான். வெயில் வந்ததும் விலக்குகிறான். இரவெல்லாம் காவல் கிடக்கிறான். முளை கண்டுவிடுமோ என்ற அச்சம் முதுகைத் தள்ளுகிறது. அப்போது வருகிறார் வணிகர், வண்டியோடும் தராசோடும். விலையை உழவன் கூறுவதில்லை. விலை உழவனுக்குக் கூறப்படுகிறது. நிலக்கடலை விளைவித்தவன் நிலையும் இதுவே. ஈரக் கடலையை மூலையில் குவித்தால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சையில் நஞ்சு பிறக்கும். எனவே, வந்த விலைக்கு விற்றுவிட்டு, மூன்று திங்கள் கழித்து அதே கடலையை எண்ணெயாக ஏறிய விலைக்கு வாங்குகிறான்.

அவன் இழப்பது சில ஆயிரம் ரூபாயை மட்டுமா? இல்லை. "இன்று விற்க மாட்டேன், நாளை வா" என்று சொல்லும் உரிமையை இழக்கிறான். நான்கு சுவரும் ஒரு கூரையும் அந்த ஒரு சொல்லை அவன் நாவுக்குத் தரும். மனிதனைத் தலை நிமிர்த்தும் சொற்களுள் 'மாட்டேன்' என்பதற்கு இணையான சொல் வேறொன்றை நாம் அறியோம்.

தமிழ்நாட்டில் களஞ்சியமே இருந்ததில்லையா? இருந்தது. பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறைக் கோயிலில், நாயக்கர் காலத்துச் செங்கற்களஞ்சியம் இன்றும் நிற்கிறது. மூவாயிரம் கலம் நெல் கொள்ளும் என்பர். பெருநிலக்கிழார் மனைகளில் ஆளுயரத்துக்கு மேல் பத்தாயங்கள் இருந்தன. கோயிலுக்குக் களஞ்சியம் உண்டு, கோமானுக்குப் பத்தாயம் உண்டு, உழுதவனுக்கு? அவனிடம் ஒரு மண்குதிர் இருந்தது. அதுவும் தை போய்ச் சித்திரை வருமுன் காலியானது. அந்தச் செங்கற்களை அடுக்கிய கட்டடக் கலையை வியக்கிறோம். வியப்போடு இந்த வினாவையும் சேர்த்துக் கொள்வதில் தவறில்லை.

இனிக் கடனுக்கு வருவோம். நம் தமிழில் 'கடன்' என்ற ஒரே சொல், வாங்கிய பணத்தையும் குறிக்கும். செய்ய வேண்டிய கடமையையும் குறிக்கும். வாங்கியவனுக்குத் திருப்பித் தரும் கடமை உண்டென்பதை உலகம் ஓயாமல் சொல்கிறது. சோறு உண்ணும் அனைவருக்கும், அந்தச் சோற்றை விளைவித்தவன்பால் ஒரு கடன் உண்டென்பதை யார் சொல்கிறார்கள்? ஏட்டில் எழுதப்படாத கடன் என்பதால் அது கடனில்லாமல் போய்விடுமா?

ஆயினும் உணர்ச்சி மட்டும் சுவர் எழுப்பாது. கணக்கும் வேண்டும். வகுப்பறையில் தனிவட்டிக் கணக்குக் கற்பிக்கும் நாம், அந்தக் கணக்கைக் களத்துமேட்டில் ஒருமுறை போட்டுப் பார்ப்போம். களஞ்சியத்துக்கு 2 இலட்சம் ரூபாய் ஆகிறதென்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஏக்கரில் ஒரு போகத்துக்கு 60 மூட்டை. பொறுத்திருந்து விற்பதால் மூட்டைக்கு 200 ரூபாய் கூடுகிறதெனில், 12,000 ரூபாய். கிணற்றுப் பாசனத்தில் இருபோகமெனில் 24,000. மாட்டால் வரும் வருவாயையும், நனையாத வைக்கோலின் மதிப்பையும் இப்போதைக்கு ஒதுக்கி வைப்போம்.

ஆண்டுக்கு 7 விழுக்காட்டில் கடன் கிடைத்தால், முதலாண்டு வட்டி 14,000. மிச்சம் 10,000 அசலில் கழியும். ஆண்டுதோறும் அந்த 24,000ஐக் கட்டி வந்தால், ஏறத்தாழ 13 ஆண்டுகளில் கடன் தீர்ந்து களஞ்சியம் அவனுடையதாகும். அதே தொகையை ஊரார் 'மூன்று வட்டி' என்று சொல்லும் கணக்கில், நூற்றுக்குத் திங்களுக்கு மூன்று ரூபாயாக, வாங்கினால்? திங்களுக்கு 6,000, ஆண்டுக்கு 72,000! களஞ்சியம் தருவது 24,000. கடன் கேட்பது 72,000. களஞ்சியம் போகும்; காளை போகும்; கடைசியில் காணியும் போகும்.

செங்கல் அதே செங்கல், தகரம் அதே தகரம், கட்டுபவனும் அவனே. ஒரு கடன் அவனைச் சுமந்து கரையேற்றுகிறது. மற்றொன்று கழுத்தில் கல்லாய்த் தொங்குகிறது. ஆகவே 'கடன் வாங்கலாமா' என்பது அரைகுறை வினா. 'வாங்கியபின் அவன் நிமிர்ந்து நிற்பானா, குனிந்து நிற்பானா' என்பதே முழு வினா.

இந்த வினா நாட்டுக்குப் புதிதன்று. 1951-52இல் நடந்த அனைத்திந்திய ஊரகக் கடன் ஆய்வு, உழவர் பெற்ற கடனில் ஏறத்தாழ 70 விழுக்காடு வட்டிக்காரரிடமிருந்தே வந்ததென்று கண்டது. கூட்டுறவுச் சங்கங்கள் தந்ததோ 3 விழுக்காட்டளவே. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, ஜெர்மனியில் ரைபைசன் கண்ட முறையைத் தேடிப் பிடியுங்கள் என்று சென்னை மாகாண அரசுக்கு அறிக்கை தந்திருந்தார் நிக்கல்சன். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது; அவ்வாண்டே, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் மாகாணத்தின் முதற்சங்கம் தோன்றியது. ரைபைசனின் கொள்கை எளியது: ஓர் ஊரார் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்க வேண்டும், சொத்தைப் பார்த்துக் கடன் தருவதினும் ஆளைப் பார்த்து, அவன் உழைப்பை, நாணயத்தைப் பார்த்துத் தர வேண்டும்.

அக்கொள்கை நம்மிடையே என்னவாயிற்று? பயிர்க்கடன் கூட்டுறவில் கிடைக்கிறது, அது நன்றே. ஆனால் பயிர்க்கடன் ஒரு பருவத்துக்கு உரியது. களஞ்சியம் ஒரு தலைமுறைக்கு உரியது. பருவக் கடனை எடுத்துச் சுவரில் போட்டவன், தவணை நாளில் சுவரைப் பெயர்த்துக் கொடுக்க முடியுமா? அதற்கு நெடுநாட்கடன் வேண்டும். 2020இல் ஒன்றிய அரசு அறிவித்த வேளாண் உட்கட்டமைப்பு நிதியில், அறுவடைக்குப் பிந்தைய சேமிப்புக் கட்டடங்களுக்கான கடன் வட்டியில் 3 விழுக்காட்டை 7 ஆண்டு வரை அரசே ஏற்குமென்றனர்; தனி உழவரும் பெறலாமென்றனர். 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தின்கீழ், சிறு குறு உழவர் பலருக்கு மாட்டுக் கொட்டகைகள் எழுந்தன. 'இலவசம்' என்று முகஞ்சுளிப்போர், ஆலைக்குத் தரும் வரிச்சலுகைக்கு 'ஊக்கம்' என்று பெயர் சூட்டுவானேன்? கந்துவட்டியைத் தடுக்க 2003இல் தமிழ்நாட்டில் சட்டமும் வந்தது. சட்டம் வந்த ஊரில் வட்டிக்காரர் மிதிவண்டியில் வருவதை விட்டு மோட்டார் வண்டியில் வருகிறார்!

புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டங்களில் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் மொய் விருந்து என்றொரு வழக்கம் உண்டு. ஆடி, ஆவணியில் பந்தலிட்டு, கறிச்சோறு போட்டு, வருவோர் எழுதும் மொய்யைத் திரட்டித் தொழிலோ கட்டடமோ தொடங்குவர். வட்டி இல்லை, பத்திரம் இல்லை. வாங்கியவர், கொடுத்தவர் விருந்து வைக்கும் நாளில் அதைத் திருப்பி, மேலும் கொஞ்சம் சேர்த்து எழுத வேண்டும். ரைபைசனை அறியாத ஊர், ஆளை நம்பிக் கடன் தருகிறது! இதை நாம் பாராட்டுகிறோம். அமெரிக்கப் பென்சில்வேனியாவில் ஆமிஷ் மக்கள், ஓர் உழவன் களஞ்சியத்தை ஊரே திரண்டு உழைப்பைக் கொடுத்து எழுப்பித் தருவதும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. எனினும் ஒன்றை மறைத்தலாகாது. மொய் எழுதியவனுக்கே மொய் வரும். எழுத வழியற்ற கூலியாள் பந்தல் போட்டால் யார் வருவார்? 2018 நவம்பரில் கஜா புயல் அந்த வட்டாரத்துத் தென்னைகளைச் சாய்த்தது. மரம் போனாலும் மொய் நோட்டில் எழுதிய தொகை அப்படியே நின்றது. ஊர் தரும் கை நல்ல கைதான். அது எட்டாத இடங்களுக்கு எட்ட வேண்டியது பொதுப்பணமே.

பொதுப்பணமாவது எல்லோருக்கும் எட்டுகிறதா? வங்கி வாயிலில் கேட்கப்படும் முதற்சொல் 'பட்டா'. குத்தகைக்கு உழுபவன் அந்தச் சொல்லோடு திரும்புகிறான். பிறர் நிலத்தில் சுவரெழுப்ப அவனுக்கு உரிமையில்லை. குத்தகைப் பதிவுக்கு 1969இல் சட்டமிருந்தும், பதிவு கேட்டால் நிலமே போய்விடுமோ என்று அஞ்சி வாய்மொழியிலேயே காலந்தள்ளுவோர் உண்டு.

இன்னொருவர் வாயில் வரைகூடப் போவதில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டுபவர் அவர். சாணம் அள்ளுபவர் அவர். நெல்லைத் துழாவிக் காய வைப்பவர் அவர். கடன் போதாதபோது அடகுக்குப் போவதும் அவர் கழுத்துச் சங்கிலியே. பட்டா கணவன் பெயரில்; கடன் கணவன் பெயரில்; எழும் களஞ்சியமும் கணவன் பெயரில்; இழப்பு மட்டும் மனைவியின் கழுத்தில்! மூதாதையர் சொத்தில் மகளுக்கும் சம பங்கென்று தமிழ்நாடு 1989இலேயே சட்டம் செய்தது. 2005இல் நாடு முழுமைக்கும் அது வந்தது. சட்டப்படி தங்கைக்குச் சேர வேண்டிய பங்கையும் சேர்த்துத் தன் பெயரில் பட்டா வைத்திருக்கும் அண்ணன்மார், கடன் விண்ணப்பத்தில் 'சொந்த நிலம்' என்று எழுதுகிறார்கள்.

நகையை அடகு வைத்துக் கட்டும் கட்டடத்தில் நகைக்குரியவருக்குப் பங்கில்லை என்றால், அது வட்டியில்லாக் கடன் மட்டுமன்று, திரும்பாக் கடனும் ஆகும். மனை நிற்கும் நிலத்தில் ஒரு பகுதியை மனைவிக்கு எழுதிப் பதிவு செய்தால் பட்டாவில் அவர் பெயரும் ஏறும். வங்கியில் அவர் கையொப்பமும் கேட்கப்படும். அதற்குப் பத்திரச் செலவு உண்டு. செங்கல் இவ்வளவு, சிமென்ட் இவ்வளவு, தகரம் இவ்வளவு, கொத்தனார் கூலி இவ்வளவு என்று மதிப்பீடு எழுதும் தாளில், அந்தச் செலவையும் ஒரு வரியாகச் சேர்த்தே கடன் தொகையைக் கேட்க வேண்டும்.